என் மகளின் முன்னோர் வந்த படகு

1

திங்கட்கிழமை காலை, மீன் சந்தையில் ஓர் ஐஸ் அறையின் கம்பிரஸரைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தபோது, என் மகள் ஸஹ்லா படிக்கும் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. மகளைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது, நேரில் வந்து தீர்த்து வைக்க வேண்டும் என்றார்கள். பதினாறு வயதுப் பெண் பிள்ளையைப் பற்றிப் பாடசாலையில் சந்தேகம் என்றால் நம் ஊர் வாப்பாமாருக்கு மனதில் என்னவெல்லாம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையைத் துணியில் துடைத்தபடியே ஓடினேன்.

போய்ப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. என் மகள் யார் என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

கதையைத் தொடங்கிவிட்டேன், நான் யாரென்று இன்னும் சொல்லவில்லை. நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்குடிக்காரன். குளிரூட்டி, ஐஸ் பெட்டி திருத்துவது தொழில். கத்தாரில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்த வேலை செய்தபோது, அதே ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த நொரைனாவைக் கல்யாணம் முடித்தேன். அவள் பிலிப்பைன்ஸ்காரி. அந்த நாட்டின் தெற்கே மிந்தனாவோ என்ற பெரிய தீவில் மரனாவ் என்றொரு முஸ்லிம் இனம் இருக்கிறது, அவள் அந்த இனம். ஸஹ்லா கத்தாரில் பிறந்தாள். என் வேலை ஒப்பந்தம் முடிந்த பிறகு மூன்று பேருமாக நொரைனாவின் ஊருக்கு வந்தோம். இலிகன் என்ற கரையோர நகரம். இங்கே வந்து பத்து வருடமாகிறது.

இந்த ஊரில் பிசாயா பேசுகிறார்கள், நொரைனாவின் வீட்டார் மரனாவ் பேசுகிறார்கள், அலுவலகங்களில் ஆங்கிலம். நான் எல்லாவற்றையும் பிழையாகப் பேசுகிறேன். சந்தையில் மாங்காய்க்கு 'மங்கா' என்கிறார்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் என்னிடம் யாரும் திருத்தியதில்லை. இனி இதில் யார் எந்த மொழியில் கதைத்தாலும் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

பாடசாலையில் பதிவேடுகளைப் பார்க்கும் அம்மா ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஸஹ்லாவைச் சேர்த்தபோது நானே நிரப்பிய தாள். எழுத்து என்னுடையது, மறுக்க வழியில்லை.

"பிரஜாவுரிமை எண்ட இடத்துல இலங்கை எண்டு எழுதிரிக்கீங்க. இனக்குழு எண்ட இடத்துல மரனாவ் எண்டு எழுதிரிக்கீங்க. ஒரு புள்ள எப்பிடி இலங்கையாவும் இரிக்கும், மரனாவாவும் இரிக்கும்? இதுல எது பொய்?"

பத்து வருடம் அலுமாரிக்குள் கிடந்த தாள் இப்போது ஏன் வெளியே வந்தது என்று கேட்டேன். நகரத்துப் பாடசாலைகளுக்கிடையே ஒரு பேச்சுப் போட்டி வருகிறது. தலைப்பு, பிலிப்பைன்ஸ் மக்களின் ஆதி முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது. முழுப் பாடசாலையிலும் தெரிந்தெடுத்து என் மகளைத்தான் அனுப்பப் போகிறார்கள். ஆனால் போட்டி இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி வராவிட்டால், இரண்டாவதாக வந்த பிள்ளை போகும்.

பக்கத்தில் ஸஹ்லா நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தாளில் இருந்த என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அந்தப் பேச்சை அவள் குளிக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

2

எனக்குக் கோபம் வந்தது. பொய் எழுதினேன் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. நான் எழுதிய இரண்டும் மெய். ஒரு கல்முனைக்காரனால் அதை வேறு எப்படி எழுத முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் பிறந்த காலத்தில் நம் நாட்டில் பிரஜாவுரிமை வாப்பா வழி. அதனால் கத்தாரில் மகள் பிறந்ததும் நம் தூதரகத்துக்கு ஓடிப்போய் நம் நாட்டுப் பாஸ்போட் எடுத்தேன். நொரைனா தன்னுடைய தூதரகத்திலும் பதிவோம் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு பார்ப்போம் என்றேன். அந்தப் பிறகு வரவே இல்லை. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குடி, அதாவது வம்சக் கிளை, உம்மா வழி. இது நம் கரையில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாப்பா எந்தப் பெரிய குடியாக இருந்தாலும், பிள்ளை உம்மாவின் குடி. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார் இருப்பார், என் உம்மாவின் குடி மரைக்கார்தான் எனக்கும் மரைக்கார், வாப்பாவின் மரைக்கார் எனக்கு வேறு ஆள். குடியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் யாருடைய மகன் என்று பக்கத்து ஊர் சாய்ந்தமருது வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே இனக்குழு என்று கேட்ட இடத்தில், யோசிக்காமல், பிள்ளையின் உம்மாவின் இனத்தை எழுதினேன்.

இதை முழுவதும் அந்த அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். பாதி ஆங்கிலம், பாதி பிசாயா. சொல் வராத இடத்தில் ஸஹ்லா எடுத்துக் கொடுத்தாள். நம் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்றபோது, அந்த அம்மா கையில் இருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளயா போறது?"

"ஓம். என்ட காக்காவ நிந்தவூருல குடுத்த. நிக்கா முடிஞ்ச அண்டைக்கே ஒரு சூட்கேசோட வேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்க."

காக்கா, என் அண்ணன், போன அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேன் காரைதீவைத் தாண்டும் வரைக்கும் நாங்கள் பாட்டுப் போட்டுக் கும்மாளம் அடித்தோம். நிந்தவூர் வந்ததும் காக்கா மட்டும் இறங்கி, பெண் வீட்டு முன் மண்டபத்தில் ஒரு கதிரையில் இருந்தான். சொந்த வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவாத மனிதன், அங்கே தண்ணீர் கேட்கவும் கூச்சப்பட்டு இருந்தான். நாங்கள் திரும்பி வந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது உம்மா அவனுக்கு விருந்தாளிக்குப் போல் பாய் விரித்து, கோழிக்கறி வைத்தா. அவன் சாப்பிட்டுவிட்டு, அஸர் தொழுகைக்கு முன்னால் போக வேண்டும், மாமி தேடுவா என்றான். நாங்கள் வருடக் கணக்காக அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, இது நல்ல கதைதான், ஆனால் கதையைப் பதிவேட்டில் ஒட்ட முடியாது, குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள் என்றார். ஸஹ்லா அவருடைய மேசையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி, என்னவோ எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"வாப்பா, இத ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லல்ல?"

"நீ கேட்டாத்தானே சொல்றதுக்கு."

"இரிக்கிறதே தெரியாத ஒண்ட எப்பிடிக் கேக்கிற?"

மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

3

என் மகள் என் கையிலிருந்து நழுவி வெகு நாளாயிற்று. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் தமிழில் கேட்டால் பிசாயாவில் பதில் வரும். நான் கோபித்தால் ஆங்கிலத்தில் வாதாடுவாள். சமைத்து வைத்த மீன் ஆணத்தை, நம் ஊர்க் குழம்பை, தள்ளி வைத்துவிட்டு, தேங்காயும் இஞ்சியும் காரத்துக்குக் கொச்சிக்காயும் வெங்காயத் தண்டும் இடித்துச் செய்யும் மரனாவ் பலாப்பாவைச் சோற்றில் போட்டுத் தின்பாள். வெள்ளிக்கிழமைகளில் என் ராத்தா கல்முனையிலிருந்து வீடியோவில் வந்தால், சலாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ராத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மூத்த சகோதரி, உம்மாவின் வீட்டில் இருக்கிறாள். நான் கத்தாருக்குப் போனபோது அவள் அழவில்லை, அது வேலைக்குப் போன கணக்கு. இலிகனுக்கு வந்தபோதுதான் அழுதாள். பத்து வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அதே பேச்சு.

"ஊர விட்டே போயிட்டாய் தம்பி. கேக்கிற ஆக்களுக்கு என்னத்தச் சொல்ற நான்?"

ஸஹ்லா பேச்சுக்குப் பயிற்சி எடுப்பதை வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுடைய வரலாற்று ஆசிரியர் ரோயெல் சேர் பின்னேரங்களில் வீட்டுக்கே வருவார். மெலிந்த மனிதர், பிசாயாக்காரர், எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பமாட்டார். அவர் சொல்லித்தான் நானும் விளங்கிக்கொண்டேன்.

இந்தத் தீவுகளில் எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்பே மனிதர் இருந்திருக்கிறார்கள். குகைகளில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பழைய குடிகளின் வழி வந்தவர்கள், சுருண்ட முடியும் கறுத்த தோலும் உள்ள குள்ளமான மக்கள், இன்றும் மலைப்பக்கங்களில் வாழ்கிறார்கள். பிறகு, நாலாயிரம் வருடத்துக்கும் முன்னால், வடக்கே தாய்வான் தீவிலிருந்து வேறு மக்கள் படகில் வந்தார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நெல், பன்றி, மண் பாத்திரம், ஒரு மொழி, இவற்றோடு வந்தார்கள். இங்கிருந்து அவர்களுடைய பிள்ளைகள் கிழக்கே ஹவாய் வரைக்கும், மேற்கே மடகாஸ்கர் வரைக்கும் போனார்கள். பிசாயாவில் ஐந்துக்கு 'லிமா' என்கிறார்கள். ஹவாயில் கைக்கு 'லிமா' என்கிறார்கள். கையில் விரல் ஐந்து என்பதால் அந்தச் சொல் அத்தனை கடலையும் கடந்து போயிருக்கிறது.

"மடகாஸ்கருக்குப் போன ஆக்கள் எங்கட கடலால போகாம எப்பிடிப் போற? கல்முனைக் கரையில தண்ணி குடிக்க இறங்கியிருப்பாங்க," என்றேன்.

ரோயெல் சேர் மரியாதையாகத் தலையாட்டினார். "இலங்கைக்கும் அவங்க வந்திருக்கலாம் எண்டு சொல்றவங்க இரிக்காங்க சேர். கல்முனையில இறங்கினதுக்கு மட்டும் எனக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கல்ல."

நொரைனா தேநீர் கொண்டு வந்து வைத்தாள். அவள் படித்தது வேறு கதை.

"நாங்க படிக்கக்கொள்ள ஆக்கள் மூணு அலையா வந்தாங்க எண்டுதான் சொல்லித் தந்தாங்க. ஒவ்வொரு அலையும் முந்தின அலைய விடக் கெட்டிக்கார ஆக்கள். நாங்க கடைசி அலை எண்டு வகுப்புல எல்லாரும் சந்தோசப்பட்ட."

அந்தக் கணக்கை இப்போது யாரும் ஏற்பதில்லை, வந்தவர்கள் கலந்தார்கள், ஒருவரை ஒருவர் துரத்திவிட்டுக் கெட்டிக்காரராகவில்லை என்றார் சேர். நொரைனாவுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. அவளுடைய குடும்பத்தில் கையால் எழுதிய ஒரு வம்சப் பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் வருவது கடல் கடந்து வந்த ஓர் அரபு வழிப் பெரியவரின் பெயர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எந்தக் கல்யாணச் சாப்பாட்டிலும் யாராவது ஒருவர் மூத்த வாப்பா அரபு நாட்டிலிருந்து பாய்க்கப்பலில் வந்தவர் என்று தொடங்கிவிடுவார். இதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நல்ல ஒற்றுமை.

ஸஹ்லா நடுவில் கேட்டாள். "வந்த ஆம்புளைகள்ற பேரெல்லாம் எழுதி வச்சிரிக்கி. கரையில நிண்ட பொம்புளைகள்ற பேர் எங்க?"

எனக்கு நம் ஊரில் சொல்லும் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. நம் கரையில் முக்குவர், திமிலர் என்ற இரண்டு கூட்டத்தாருக்கும் சண்டை நடந்தபோது நம் முன்னோர் முக்குவருக்குத் துணை நின்றார்களாம், அவர்கள் நன்றிக்குத் தங்கள் பெண்களைக் கட்டிக் கொடுத்தார்களாம், நம் குடிகள் அந்தப் பெண்களின் வழி வந்தவையாம். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் உள்ள இந்துத் தமிழரிடமும் இதே தாய்வழிக் குடி முறை இருப்பது நீங்கள் அறிந்ததே. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை கரையில் நின்ற பெண்ணை மறக்கவில்லை. சொன்னேன். ஸஹ்லா மறுபடியும் எழுதிக்கொண்டாள்.

சேர் போன பிறகு ஸஹ்லா பேச்சை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். 'எங்கள் முன்னோர் படகில் வந்தார்கள்' என்று அது தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அந்த 'எங்கள்' எனக்குக் குத்தியது. அதற்குள் நொரைனா இருக்கிறாள், அவளுடைய மாமாமார் இருக்கிறார்கள், ரோயெல் சேர் கூட இருக்கிறார். நான் மட்டும் வெளியே, வாசற்படியில். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கடிதம் கிடைக்காமல் போனால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடியே எழுந்து போய் மகளின் பிறப்புப் பத்திரத்தைத் தேடத் தொடங்கினேன்.

4

அலுவலகம் என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான். முதல் நாள் போனபோது மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். மூலப் பிரதியோடு போனால், அது அரபியில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்போடு போனபோது பகல் சாப்பாட்டு நேரம். என் பாஸ்போட்டைப் பார்த்த ஓர் இளைஞர், இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டார். இலங்கை என்றேன். ஓம், இந்தியாவில் இலங்கை எந்தப் பக்கம் என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்குப் புவியியல் படிப்பித்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

வியாழக்கிழமை நொரைனாவும் வந்தாள். ஆஸ்பத்திரியில் பாதி நாள் லீவு எடுத்து, தன் பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் பதிவையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள். கடைசி மேசையில் ஒரு வயதான அதிகாரி. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ள பிறக்கக்கொள்ள நீங்க இந்த நாட்டுப் பிரஜைதானே?" என்று அவளிடம் கேட்டார்.

"ஓம்."

"வேற நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கல்ல?"

"இல்ல."

"அப்ப இவ பிறந்த நாள்லயே எங்கட ஆள். உம்மா, வாப்பா ரெண்டு பேர்ல ஒராள் போதும். பேப்பர்தான் வரல்ல, புள்ள எப்பவோ வந்துட்டா."

பதிவு செய்ய விண்ணப்பம் கிடைத்தது, தாய் பிரஜை என்பது சரிபார்க்கப்பட்டது என்று ஒரு கடிதம் அடித்து முத்திரை குத்தித் தந்தார். முழுக் காரியமும் முடிய மாதங்கள் ஆகும், போட்டிக்கு இது போதும் என்றார். நொரைனா அதை வாங்கி உறைக்குள் வைத்தாள். கத்தாரில் இரண்டு தடவை நான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். வெளியே வந்து, பசிக்குது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் அவளுக்கு இரண்டு பேர் தின்னும் அளவு மீன் வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டு அம்மா கடிதத்தை வாசித்தார். பழைய தாளை எடுத்து, இலங்கை என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் என்னவோ குறித்தார். மரனாவ் என்று எழுதிய இடத்தில் கை வைக்கவில்லை.

"உங்கட ஊர்க் கணக்குச் சரியாத்தான் இரிக்கி," என்றார்.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. நம் கரையின் குடி முறையை ஓர் அரச பாடசாலையின் பதிவேடு ஏற்றுக்கொண்டது என்றே எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கும் மரைக்கார்மார் கவனிக்கவும்.

5

போட்டி நகர மண்டபத்தில். குளிரூட்டிகளில் ஒன்று மோசமாக இரைந்தது, கழற்றிப் பார்க்கக் கை துடித்தது. நொரைனா என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். அவளுடைய உறவினர் மூன்று வரிசையை நிரப்பியிருந்தார்கள். மரனாவ்காரர் ஒரு பிள்ளை மேடையேறினால் முழு வம்சமும் வரும். என் தரப்பு ஆள் நான் ஒருவன்தான்.

ஸஹ்லா எட்டாவதாக வந்தாள். பச்சை ஹிஜாப், உம்மாவின் மரனாவ் நெசவுத் துணி இடுப்பில். தொடக்கத்தில் குரல் நடுங்கியது. குகைகள், மலைவாழ் மக்கள், தாய்வான், படகுகள் என்று போகப் போக நடுக்கம் நின்றது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள். இவள் கரையில் நின்றவர்களைப் பற்றியும் பேசினாள். நெல் கொண்டுவந்த படகு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும், அந்த நெல்லை எந்த மண்ணில் விதைக்கலாம் என்று காட்டிக் கொடுத்த பெண்ணின் பெயர் தெரியாது என்றாள்.

பேச்சுக்குப் பிறகு நடுவர்களின் கேள்வி. நடுவில் இருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை, வெள்ளை முடி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்திருந்தார். முன்னால் இருந்த தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மகள், உங்கட வாப்பா வெளிநாட்டு ஆள் எண்டு இதுல இரிக்கி. எங்கள் முன்னோர், எங்கள் முன்னோர் எண்டு பத்துத் தடவ சொன்னீங்க. அப்பிடிச் சொல்ல உங்களுக்கு எங்கால உரிமை?"

கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கலாமா என்று எழும்பப் பார்த்தேன். நொரைனா விடவில்லை. ரோயெல் சேர் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று.

ஸஹ்லா ஒலிவாங்கியைச் சற்று இறக்கினாள்.

"ஓம் மேடம், வாப்பா இந்த நாட்டு ஆள் இல்ல. ஆனா முதல் படகுல வந்த ஆக்களும் இந்த நாட்டு ஆக்கள் இல்ல. அவங்க வரக்கொள்ள இஞ்ச வேற ஆக்கள் இரிந்தாங்க. வந்தவங்களும் இரிந்தவங்களும் கல்யாணம் முடிச்சி, புள்ளப் பெத்துத்தான் நாங்க எல்லாரும்.

"என்ட வாப்பாட ஊர் இலங்கையில கிழக்குக் கரை. அங்க ஒரு ஆள்ற குடி உம்மாவால வாறது. மாப்பிள்ளதான் பொண்ணூட்டுக்குப் போற. இஞ்சயும் அப்பிடி இரிந்திச்சா எண்டு நான் எங்கட சேருட்டக் கேட்டன். அந்தப் படகுக்காரர்ட பழைய சமூகத்துலயும் மாப்பிள்ள பொண்ணூட்டோட போய் இரிந்திரிப்பான் எண்டு சில ஆய்வாளர் நினைக்காங்களாம். மொழிகளையும் சொந்தபந்த முறைகளையும் வச்சிப் பார்த்துச் சொல்றாங்க. அது சரியா இரிந்தா, இந்தக் கரைக்கு வந்த முதல் மாப்பிள்ளையும் என்ட வாப்பாவும் செஞ்சது ஒரே வேலைதான். இடையில நாலாயிரம் வருசம். வாப்பா கொஞ்சம் சுணங்கி வந்த முன்னோர், அவ்வளவுதான்."

அந்தப் பேராசிரியை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மண்டபம் முழுவதும் சிரித்தது, கைதட்டியது. நொரைனாவின் மாமாமார் மூன்று வரிசையிலும் எழும்பி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என் தோளில் அடித்து, எழும்பி நில்லுங்கள் முன்னோரே என்றார்.

எழும்பி நின்றேன். மகள் மேடையிலிருந்து பார்த்தாள். நான் அழுதேன். கண்ணில் தூசு விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே அழுதேன். மாய்ந்து மாய்ந்து படித்த அந்தப் பேச்சில் இந்தப் பதில் இல்லை. வாசற்படியில் இருந்து நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. என்னை எங்கே வைப்பது என்று அவளும் இத்தனை நாள் யோசித்திருக்கிறாள்.

முதலிடம் ஸஹ்லாவுக்கு. மாகாணப் போட்டிக்கு இலிகன் நகரத்தின் சார்பில் அவள் போகிறாள்.

முடிவு சொன்ன பிறகு அந்தப் பேராசிரியை கீழே இறங்கி எங்களிடம் வந்தார். பிள்ளையை மடக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், மடங்கவில்லை என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மெய்யாத்தான் உங்கட ஊருல ஆம்புளைகள் பொண்ணூட்டுக்குப் போறதா? அங்க நல்லாக் கவனிப்பாங்களா?"

"முதல் நாப்பது நாளும் கோழியும் முட்டையும்தான் மேடம். அதுக்குப் பிறகு சந்தைக்குப் போகச் சொல்லுவாங்க."

"எங்கட ஊட்டுல முதல் நாளே அனுப்பிருவம்," என்றாள் நொரைனா.

6

அடுத்த நாள் காலை போட்டியின் வீடியோவை ராத்தாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. முகத்துக்கு மிகக் கிட்டப் போனைப் பிடித்திருந்ததால் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்தது. பின்னால் ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சோற்றுக்குத் தேங்காய் துருவும் சத்தம். ஸஹ்லா இந்தத் தடவை எழுந்து போகவில்லை, என் பக்கத்தில் இருந்தாள்.

"புள்ள என்ன சொன்னாள் எண்டு எனக்கு விளங்கல்ல. அந்த வெள்ள மயிர்க்காரி ஏன் அப்பிடிச் சிரிச்ச? நீ ஏன் எழும்பி நிண்டு அழுற? ஒண்ணொண்டாச் சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாள், கடிதம், படகு, தாய்வான், மாப்பிள்ளை. ஆய்வாளர் நினைக்கிறார்கள் என்ற இடத்தில் ஸஹ்லா திருத்தினாள், எல்லா ஆய்வாளரும் இல்லை, சிலர் என்று. தன் உடைந்த தமிழில் திருத்தினாள்.

ராத்தா போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். இப்போது கண் மட்டும்தான் தெரிந்தது.

"அப்ப அந்த ஊருலயும் முந்தி மாப்பிள்ளதான் போயிரிக்கான்."

"அப்பிடித்தான் நினைக்காங்க."

"நீ போயிரிக்கிறதும் பொண்டாட்டிட ஊருக்குத்தானே?"

"ஓம்."

"உன்ட புள்ள உன்ட பொண்டாட்டிட குடி?"

"ஓம் ராத்தா."

"அப்ப நீ என்னத்தடா ஊர விட்டுப் போன?" என்றாள் ராத்தா. குரலில் பத்து வருடக் கோபம் இருந்தது, ஆனால் யார் மீது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒலகத்துல இரிக்கிற எல்லா ஆம்புளையும் செய்யிறதத்தான் நீயும் செஞ்சிரிக்காய். நான் விசர் பிடிச்சவள் மாதிரி ஊர் முழுக்க அழுது திரிஞ்சிரிக்கன். இனி ஆரும் கேட்டா, தம்பி வெளிநாட்டுல எண்டு சொல்ல மாட்டன்."

"வேற என்ன சொல்லப் போறாய்?"

"பொண்டாட்டி ஊட்டுல இரிக்கான் எண்டு சொல்லுவன். அவ்வளவுதான். நீ தள்ளு, புள்ளைட்டக் குடு போன."